திரையிற் கண்ட துன்பம்: யாழ்ப்பாணத்துப் பார்வையாளர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றுதற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களங்களைக் காட்டுவர். பிறரால் இழிவுபடுத்தப்படுதல், உயிரையேனும் பொருளையேனும் இழத்தல், பண்டை நிலையினின்று தளர்தல், வறுமையுறுதல் என்பன அவை. இவை தன்கண் தோன்றினும் பிறன்கண் தோன்றினும் அழுகைக்கு ஏதுவாம் என உரையாசிரியராகிய பேராசிரியர் விரித்துரைப்பர். கூத்தும் நாடகமும் காண வந்தமர்ந்தோன் பிறன்கண் தோன்றிய துன்பத்தையே காண்கின்றான். அதுபற்றி ஐயமில்லை. ஆயின், காண்போன் தானே அத்தகைய துன்பத்தின் வடுவைச் சுமந்து வந்தவனாயின் அவன் காண்பது யாருடைய துன்பம்? திரையில் வருந்துவோர் பிறராகவும், வருத்தியோர் தன்னவராகவும் இருப்பின் அவன் உள்ளத்தில் எழுவது அழுகையா, நாணமா, சினமா? இவ்வினாக்களை உரையாசிரியர் எழுப்பவில்லை. எழுப்புதற்குரிய தேவை அவர் காலத்தில் இருந்திலது. இருபதாம் நூற்றாண்டிலே, ஒளியும் நிழலும் கொண்டு உண்மை நிகழ்ச்சியைப் பதிந்து மீளக் காட்டும் கருவி மனிதன் கைக்கு வந்த பின்னரே இவை எழுந்தன.

அவ்வாறு எழுந்த நாளையும் இடத்தையும் திட்டமாகக் கூறலாம். 1945 ஆம் ஆண்டு நவம்பர் 29 ஆம் நாள், செருமனியின் நூரன்பேர்க் நகரத்து நீதிமன்றத்தில், நாஜித் தலைவர்கள் குற்றவாளிக் கூண்டில் அமர்ந்திருக்க, வதை முகாம்களை நேசப்படைகள் கைப்பற்றியபோது எடுத்த படம் காட்டப்பெற்றது. மண்டபம் இருளாக்கப்பட்டது, குற்றஞ் சாட்டப்பட்டோரின் முகங்கள் மாத்திரம் காவலர்க்குத் தெரியுமாறு கூண்டின் விளிம்பில் விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. ஆதலின் அன்றைய அவையில் திரையைப் பார்த்தோரும் உளர்; திரையைப் பார்ப்போரைப் பார்த்தோரும் உளர். சிறைச்சாலை உளவியலறிஞராகிய கில்பேர்ட் அம்முகங்களிற் கண்டவற்றைக் குறித்து வைத்தார். நிதித்துறையில் முதன்மை பெற்றிருந்த ஷாக்ட் கைகளைக் கட்டிக்கொண்டு திரைக்குப் புறங்காட்டி அமர்ந்தார். ஃபுங்க் கண்ணீர் விட்டார். நன்றாகச் சென்றுகொண்டிருந்த பிற்பகலை இப்படம் கெடுத்துவிட்டதே எனக் கோரிங் பின்னர்க் குறைபட்டுக் கொண்டார். ஒரே படம், ஒரே இருள், காண்போர் நெஞ்சங்களோ வெவ்வேறு.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் 'மரண ஆலைகள்' என்னும் குறும்படம் அமெரிக்கரின் ஆட்சிக்குட்பட்ட செருமன் பகுதிகளிற் காட்டப்பெற்றது. அதனை மேற்பார்வை செய்தவர் பில்லி உவைல்டர். இட்லர் ஆட்சிக்கு வந்தபோது நாட்டைவிட்டு வெளியேறிய யூதர். தோல்வியுற்ற மக்களைத் தம் குற்றத்தை நேரே காணச் செய்தல் அப்படத்தின் நோக்கம். இதே காலத்தில் பிரித்தானியர் சிட்னி பேர்ன்ஸ்ரீன் தலைமையில், அல்பிரட் ஹிச்கொக்கின் ஆலோசனையோடு தொகுத்த விரிவான படமோ முற்றுப்பெறாமலே கிடப்பிற் போடப்பட்டது. செருமனியரை அரவணைத்துச் செல்லவேண்டிய அரசியற் சூழல் அதற்குள் வந்துவிட்டமை ஒரு காரணம். அது முழுமை பெற்று வெளிவந்தது 2014 இல். படம் எடுத்தல் வேறு, காட்டுதல் வேறு, காணுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

கட்டாயத்தாற் கூட்டிய அவையினின்றும் வேறுபட்டது விருப்பத்தாற் கூடிய அவை. திரைப்படச் சங்கம் என்பது அத்தகையது. 1925 ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டன் மாநகரில் ஐவர் மொன்ரேகு முதலியோர் தொடங்கிய சங்கமே இவ்வகைக்கு முன்மாதிரியாயிற்று. உறுப்பினர் சந்தா செலுத்துவர். ஞாயிறு பிற்பகலில் கூடுவர். பொதுவரங்குகளிற் காட்டுதற்கு அனுமதி மறுக்கப்பட்ட படங்களையும் தமக்குள்ளே பார்ப்பர். ஐசன்ஸ்ரைனின் 'பொற்றெம்கின்' அங்கே காட்டப்பட்டது 1929 நவம்பரில். விற்பனைக்காக அன்றிக் கல்விக்காகப் படம் பார்த்தல் என்னும் வழக்கம் அவ்வாறு வேர் கொண்டது.

இந்தியாவில் 1947 ஆம் ஆண்டு ஒக்டோபரில், நாடு விடுதலை பெற்று இரண்டு மாதங்கள் நிறையாத வேளையில், சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பரும் கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தை நிறுவினர். 1952 இல் நடைபெற்ற சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. 'சைக்கிள் திருடர்', 'உரோமை திறந்த நகரம்' முதலிய இத்தாலியப் படங்களைத் தென்னாட்டார் பலர் கண்டது அதன் வழியாகவே. 1959 டிசெம்பரில் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்புத் தோன்றியபோது அதில் இணைந்த சங்கங்களுள் சென்னைச் சங்கமும் ஒன்று. ராய் தலைவரானார், அம்மு சுவாமிநாதன் உபதலைவரானார். இச்சங்கங்களின் நடைமுறை எளிது. பதினாறு மில்லிமீற்றர் எறிகருவி ஒன்று, வாடகைக்குப் பெற்ற மண்டபம் ஒன்று, தூதரகங்கள் இரவலாகத் தரும் படச்சுருள்கள், படத்தைப் பற்றித் தட்டச்சிட்ட ஒரு தாள். படம் முடிந்தபின் விளக்கை ஏற்றிவிட்டுப் பேசுதல் என்பதே அவற்றின் உயிர்நாடி. பேச்சு இல்லாதவிடத்து அது சங்கமன்று, இலவசக் காட்சி.

தூதரகங்களிற் கிடைத்த படங்களே பெரும்பாலும் காட்டப்பெற்றமையால், கிழக்கு ஐரோப்பியப் படங்கள் நம் நாடுகளின் சங்கங்களுக்கு மிகுதியாக வந்தன. அவற்றுள் யூத இனப் பேரழிப்பைப் பற்றியனவும் இருந்தன. அவ்வகைப் படங்களின் வரலாறு தனியே அறியத்தக்கது. போலந்துப் பெண்மணியாகிய வண்டா யகுபோவ்ஸ்கா தாம் சிறைப்பட்டிருந்த அவுஷ்விற்ஸ் முகாமுக்கே மீண்டுசென்று 'கடைசிக் கட்டம்' என்னும் படத்தை எடுத்து 1948 இல் வெளியிட்டார். அண்ட்ஜெய் முங்க் எடுத்த 'பயணி' அதனின் வேறானது. முகாமிற் காவல் புரிந்த ஒருத்தியின் நினைவாகவே கதை செல்கின்றது. தன்னை நல்லவளாகக் காட்ட அவள் ஒருமுறை சொல்கின்றாள். பின்னர் உண்மை சற்றே வேறாக வெளிப்படுகின்றது. 1961 இல் முங்க் வீதி விபத்தில் இறக்க, எடுத்து முடியாத பகுதிகளுக்கு நிலைப்படங்களை வைத்து நண்பர் 1963 இல் வெளியிட்டனர். குறைபட்ட அப்படமே அதன் பொருளுக்குப் பொருத்தமாய் அமைந்தது ஒரு விந்தை. செக்கோசிலோவாக்கியாவிலிருந்து 1965 இல் வந்த 'பெருந்தெருக் கடை' ஒரு சிற்றூர்த் தச்சனின் கதை. முதிய யூதக் கிழவி ஒருத்தியின் பொத்தான் கடைக்கு அவனை மேற்பார்வையாளனாக்குகின்றது அரசு. அவன் கொடியவன் அல்லன், அன்புள்ளவன், ஆயினும் அஞ்சுபவன். நாஜிச் சீருடையைக் காட்டி அச்சுறுத்தும் பத்துப் படங்களினும் அயலவனாகிய இத்தச்சனின் தடுமாற்றம் நெஞ்சைச் சுடும்.

எனினும், பார்வையாளரின் எதிர்வினை என்னும் பொருளுக்கு மிக ஏற்றது பிரெஞ்சு நாட்டு அலென் றெனே இயக்கிய 'இரவும் பனிமூட்டமும்' என்னும் படமே. முப்பத்திரண்டு நிமிடமே ஓடுவது. 1955 இல் புல் முளைத்துக் கிடந்த முகாம்களை வண்ணத்தில் எடுத்து, பழைய கறுப்பு வெள்ளைப் பதிவுகளோடு மாறிமாறி இணைத்தார் றெனே. உரை எழுதிய ழான் கைரோல் தாமே முகாமிலிருந்து மீண்டவர். இசையமைத்த ஹான்ஸ் ஐஸ்லர் நாஜிகளால் நாடுகடந்தவர். படம் தணிக்கைக்குச் சென்றபோது தடை வந்தது பிணக்குவியலால் மாத்திரம் அன்று. பிதிவியே என்னும் ஊரில், நாடுகடத்தப்படுவோரைக் காவல் செய்யும் பிரெஞ்சுப் பொலிஸ்காரன் ஒருவனின் தொப்பி ஒரு நிழற்படத்தில் தெளிவாகத் தெரிந்தது. கொடுமை செய்தோர் செருமனியர் என்று கூறிவந்த நாட்டிலே, தன் நாட்டுக் காவலனும் அதற்குத் துணை நின்றான் என்பதை அந்தத் தொப்பி சொல்லிவிட்டது. இறுதியில், கூரை விட்டம் ஒன்று குறுக்கே செல்வதுபோல் வரைந்து தொப்பியை மறைத்தனர். அதே படத்தை 1956 ஆம் ஆண்டுக் கான் விழாவினின்றும் விலக்கவேண்டும் என மேற்குச் செருமனியின் தூதரகம் கேட்டது. முகாம்களிலிருந்து மீண்டோர் கொதித்தெழவே, போட்டிக்குப் புறம்பாகப் படம் காட்டப்பெற்றது. இதன் பின் நிகழ்ந்ததே வியப்பு. விலக்கக் கேட்ட அதே செருமனியில், கவிஞர் பவுல் செலான் மொழிபெயர்த்த உரையோடு அப்படம் மாணவர்க்கும் பொதுமக்களுக்கும் பரவலாகக் காட்டப்பட்டது. 1979 ஜனவரியில் 'பேரழிப்பு' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை அந்நாட்டில் இரண்டு கோடி வரையிலானோர் பார்த்தனர்; ஒலிபரப்பு நிலையங்களுக்குப் பல்லாயிரம் தொலைபேசி அழைப்புகள் வந்தன; அவ்வாண்டு ஜூலையில் கொலைக் குற்றத்துக்கு இருந்த கால எல்லையைப் பாராளுமன்றம் நீக்கிற்று. பார்வையாளர் மாறுவர், ஆனால் உடனே மாறார்.

துன்பத்தை எவ்வாறு காட்டுவது என்பதிலும் பிணக்கு எழுந்தது. பொன்ட்டகோர்வோ என்னும் இத்தாலியர் 1960 இல் எடுத்த 'காப்போ' படத்தில், ஒரு கைதி மின்கம்பியிற் பாய்ந்து உயிர்விடும் இடத்தில் ஒளிப்பதிவுக் கருவி முன்னகர்ந்து அச்சாவை அழகாக அமைத்துக் காட்டுகின்றது. மறு ஆண்டில் ழாக் றிவெற் அந்த ஓர் அசைவையே பிடித்துக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். குளோட் லான்ஸ்மானோ 1985 இல் வெளியிட்ட ஒன்பது மணிக்கு மேற்பட்ட 'ஷோவா' படத்தில் பழைய பதிவுகள் எவற்றையும் சேர்க்கவில்லை. உயிர்தப்பியோர், அயலவர், குற்றஞ் செய்தோர் ஆகியோரின் பேச்சும் இன்றைய நிலக்காட்சியுமே போதும் என்றார். அழுகையை வருவித்தல் எளிது. அவ்வழுகை பார்வையாளனைத் தூய்மைப்படுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுமாயின் அதனாற் பயனென்ன என்பதே இவ்வாதத்தின் உட்கிடை. தமிழ்ப் படங்களின் சோகக் காட்சிகளில் வளர்ந்த நமக்கு இவ்வாதம் முதலிற் கல்லாகவே தோன்றும்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். இலங்கைக்கும் அந்த ஐரோப்பியப் பேரழிவுக்கும் நேர்த்தொடர்பு சிறிதே. செருமனியில் யூதக் குடும்பத்திற் பிறந்து, 1936 இல் இத்தீவுக்கு வந்து பிக்குவாகிய ஞானபொனிக்க தேரர் 1939 இல் தம் தாயாரை இங்கு அழைத்துக்கொண்டமை போன்ற தனி நிகழ்ச்சிகள் சில உள. யாழ்ப்பாணத்தாருக்கு அச்செய்தி புத்தகம், செய்தித்தாள், ஆங்கிலப் படம் என்பவற்றாலேயே எட்டிற்று. படமாளிகைகளுக்கு இங்குக் குறைவிருந்ததில்லை. வெலிங்டன், றீகல், வின்சர், மனோகரா, இராணி, லிடோ, சாந்தி, இராஜா, சிறீதர் என ஒரு நகரத்துக்கு அளவிறந்த அரங்குகள் வெவ்வேறு காலங்களில் இருந்தன. இவற்றுள் ஆங்கிலப் படங்களுக்குப் பெயர்பெற்றது கோட்டைப் பக்கத்து றீகல். ஏனையவற்றைச் சென்னைப் படங்கள் ஆண்டன. கலரியிலிருந்து எழும் சீழ்க்கை, பிடித்த நடிகர் தோன்றுகையில் எறியப்படும் கடதாசித் துண்டுகள், பாட்டு வருகையில் வெளியே சென்று சோடா குடித்து மீளும் கூட்டம் ஆகியன ஒரு பார்வையாளர் மரபு. அதனை இழிவென்று தள்ளுதல் தகாது. கூத்தாடும் வெளியிலும் கோயில் வீதியிலும் பழகிய மக்கள், காண்பதோடு கலந்து நிற்பது இயல்பு. அமைதியாய் இருந்து பார்ப்பதே உயர்ந்த சுவை என்னும் எண்ணம் பிற்காலத்தது; அதுவும் வெளியிலிருந்து வந்தது.

இதற்கிடையே தென்னிலங்கையில் 1948 இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தோன்றி விவரணப் படக்கலை வளர, அதிற் பணியாற்றி விலகிய லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1956 இல் 'ரேகாவ' என்னும் சிங்களப் படத்தை வீதிக்கும் வயலுக்கும் சென்று எடுத்தார். அவருடைய 'கம்பெரலிய' 1965 இல் தில்லி விழாவிலே தங்க மயில் விருது பெற்றது. ஈழத்துத் தமிழ்ப் படமோ 1962 இல் 'சமுதாயம்' என்னும் பதினாறு மில்லிமீற்றர்ப் படத்தோடு பிறந்து, சென்னைப் படத்தின் நிழலிலே நெடுங்காலம் தவழ்ந்தது.

நிழலைவிட்டு விலகிய முயற்சி 1977 இல் வெளிவந்த 'பொன்மணி'. அதன் இயக்குநர் தர்மசேன பத்திராஜா, சிங்களவர். 'அஹஸ் கவ்வ' என்னும் படத்தால் 1974 இலேயே அறியப்பட்டவர். 1974 இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். கதை வசனம் எழுதியவர் காவலூர் இராசதுரை; இசை றொக்சாமி. யாழ்ப்பாணத்து வேளாளக் குடும்பம் ஒன்று. சீதனம் கொடுக்க வழியின்றிக் கன்னியாய்க் காத்திருக்கும் மூத்தவள். குறைந்த சாதியென்று கூறப்படும் ஒருவனை விரும்பி வீட்டைவிட்டுச் செல்லும் இளையவள். இறுதி துயரமானது. இக்கதையைக் கண்ணீர் பெருகச் சொல்வது எளிது; சென்னையிற் சொல்லியும் இருக்கின்றனர். பத்திராஜா அவ்வாறு செய்யவில்லை. வேலியும் ஒழுங்கையும் கிணற்றடியும் கடற்கரையும் உள்ளவாறே வந்தன. மனிதர் பேசுவதினும் பேசாதிருப்பது மிகுதி. பேசியது யாழ்ப்பாணத்துப் பேச்சு. நடித்தோருள் பல்கலைக்கழகத்தாரும் எழுத்தாளரும் வானொலிக் கலைஞரும் இருந்தனர்.

படம் சில நாட்களே ஓடிற்று. 'மெதுவாகச் செல்கின்றது' என்பதே பெருங்குறையாகச் சொல்லப்பட்டது. மெதுவென்பது உண்மையே. ஆயினும் அவ்வொரு சொல்லுக்குள் பலவும் அடங்கிக்கிடந்தன. நான்கு திசையிலும் தெரிந்த தன் வீட்டை, தன் சாதித் தடிப்பை, தன் சீதனக் கணக்கைப் பணம் கொடுத்துப் பார்க்க யார் வருவார்? தஞ்சாவூர்ப் பண்ணையாரின் கொடுமையைத் திரையிற் கண்டு கலங்கிய அதே கண்கள், பக்கத்து ஒழுங்கையின் கொடுமையைக் கண்டபோது உலர்ந்திருந்தன. பேராசிரியர் வகுத்த 'பிறன்கண் தோன்றிய' துன்பம் இனிதே சுவைக்கப்பட்டது. தன் இல்லத்தில் தன்னாற் பிறந்த துன்பம் 'மெதுவாக' இருந்தது. இத்தீர்ப்பு அக்காலப் பார்வையாளருக்குச் சற்றுக் கடுமையானதாகலாம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்து இனக்கலவரத்தில் அடிபட்டுத் தென்னிலங்கையிலிருந்து கப்பலேறி வந்தோரைக் கண்ட ஊர் அது. புறத்தேயிருந்து அடி விழும்போது அகத்தே நோக்கும் துணிவு குறைதல் மனித இயல்பு. எனினும் 'பொன்மணி' பிற்காலத்தில் ஈழத்துத் தமிழ்ப் படங்களுள் முதன்மையானதாக மதிக்கப்பட்டது. அம்மதிப்பை அளித்தோர் பொதுவரங்கினர் அல்லர்; திரைப்பட வட்டங்களிற் கூடிய சிலரும், சிற்றிதழ்களில் எழுதிய சிலருமே.

அவ்வட்டங்களைப் பற்றிப் பேசுகையில் 'அலை' இதழின் ஆசிரியர் அ. யேசுராசாவின் பெயரை விடுதல் இயலாது. யாழ்ப்பாணத்தில் நல்ல படங்களைத் தேடிப் பெற்றுக் காட்டுதலிலும், கண்டபின் எழுதுதலிலும் அவர் நெடுங்காலம் ஈடுபட்டார். கொழும்பிலிருந்து கே. எஸ். சிவகுமாரன் தமிழிலும் ஆங்கிலத்திலும் உலகப் படங்களை அறிமுகம் செய்து வந்தார். தமிழ்ப் பத்திரிகை வாசகன் குறொசாவா, பேர்க்மன், ராய் என்னும் பெயர்களைப் படம் காணுமுன்னரே அறிந்தான். பல படங்களை அவன் காணவேயில்லை. விமர்சனத்தைப் படித்துப் படத்தைக் கற்பனை செய்துகொண்ட ஒரு தலைமுறை யாழ்ப்பாணத்தில் இருந்தது என்பது நகையும் அவலமும் கலந்த செய்தி.

1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியும் ஜூன் முதல் நாளும் யாழ்ப்பாணப் பொது நூலகம் தொண்ணூற்றேழாயிரம் வரையிலான நூல்களோடு எரிந்தது. 1933 மே மாதத்தில் பேர்லினில் எரிந்த நூல்களைப் பற்றிப் பாடசாலையிற் படித்தோர்க்கு அந்நாள்முதல் ஐரோப்பிய வரலாறு பாடமாக இருக்கவில்லை. 1983 ஜூலைக்குப் பின் அவ்வுணர்வு மேலும் வலுத்தது. ஆனால் இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தாரின் நிலை எளிமையானதன்று. அதே 1981 இல் எம். ஏ. நுஃமான் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்' வெளிவந்து இங்கு விரும்பிப் படிக்கப்பட்டது. 1984 இல் இஸ்ரவேலின் நலன்பேணும் பிரிவு கொழும்பில் அமெரிக்கத் தூதரகத்துள் திறக்கப்பெற்று, அந்நாட்டு வல்லுநர் இலங்கைப் படையினர்க்குப் பயிற்சியளித்தனர். ஆகவே, முள்வேலிக்குள் நின்ற யூதச் சிறுவனைத் திரையிற் கண்டு கலங்குவோன், வெளியே வந்ததும் அவ்வினத்தார் நாட்டின் பெயரை வேறு உணர்வோடு படித்தான். இரண்டும் உண்மை உணர்வுகளே. துன்புற்றோர் யாவரும் நல்லோர் ஆகிவிடுவர் என்னும் மயக்கத்தைக் களைவதற்கு இதனினும் கடிய பாடம் கிடைத்தல் அரிது. அப்பாடத்தைத் தன்மேலும் பொருத்திப் பார்க்கும் காலம் பின்னரே வந்தது.

எண்பதுகளில் வீடியோ வந்தது. 'டெக்'கும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கெடுத்து, முற்றத்திற் பாய் விரித்து, விடியுமட்டும் மூன்று படம் பார்க்கும் வழக்கம் அரங்குகளை மெலிவித்தது. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றுப்போயிற்று. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் ஓரிரு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். அவர் வீடுகள் வெறிச்சோடிக் கிடந்ததை நகரத்தார் யாவரும் கண்டனர். ஸ்பீல்பேர்க்கின் 'ஷிண்ட்லரின் பட்டியல்' 1993 இல் வெளிவந்து, வெறுமையாக்கப்படும் கிராக்கோவ் நகர யூதத் தெருக்களை உலகமெல்லாம் கண்ணீரோடு கண்ட காலத்தில், யாழ்ப்பாணத்தார் கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்துகொண்டும், சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டுக்கொண்டும் இருந்தனர். இயக்கத்தின் நிதர்சனம் என்னும் பிரிவு தயாரித்த படங்களே அக்காலத்திற் பொதுவிற் காட்டப்பட்டன. அவை போர்க்காலத் தேவைக்கேற்ப அமைந்தவை, விவாதத்துக்காக அமைந்தவை அல்ல. 1995 ஒக்டோபரில் ஊர் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. தெற்கிலும் நிலைமை நன்றாயில்லை. போரில் மகனை இழந்த குருட்டுத் தந்தை ஒருவர் சவப்பெட்டியைத் திறந்து பார்க்கும் 'புரஹந்த களுவர' என்னும் பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் 2000 இல் தடுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின்னரே 2001 இல் காட்டப்பெற்றது.

போர் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த பின், அசோக ஹந்தகம 2012 இல் 'இனி அவன்' என்னும் தமிழ்ப் படத்தை வெளியிட்டார். போரிலிருந்து மீண்டு ஊருக்கு வரும் முன்னாட் போராளியை ஊர் எவ்வாறு முகங்கொள்கின்றது என்பதே அதன் பொருள். 'பொன்மணி'க்குப் பின் முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் யாழ்ப்பாணத்தைக் கூசாமல் நோக்கிய படத்தை ஒரு சிங்கள இயக்குநரே எடுத்தார் என்பது பெருமைக்கும் வருத்தத்துக்கும் உரியது. 2015 செப்ரெம்பரில் அனோமா ராஜகருணா முன்னின்று நடத்திய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கிற்று. நெடுங்காலம் விமர்சனத்தில் மாத்திரம் வாழ்ந்த உலகத் திரைப்படம் இங்கு மீண்டும் வெண்திரைக்கு வந்தது. மாணவர் வந்தனர், இயக்குநரிடம் வினா எழுப்பினர், சிங்களப் படத்துக்குத் தமிழரும் தமிழ்ப் படத்துக்குச் சிங்களவரும் அருகருகே அமர்ந்தனர்.

அவ்விழாவுக்கே சோதனையும் வந்தது. யூட் இரத்தினம் எடுத்த 'சொர்க்கத்திற் பேய்கள்' என்னும் விவரணப் படம் 2017 இல் கான் விழாவிற் காட்டப்பெற்றது. 1983 இல் சிறுவனாய் அஞ்சி ஓடிய ஒருவரின் நினைவோடு தொடங்கும் அப்படம், தமிழ் இயக்கங்கள் தமக்குள்ளே ஒருவரையொருவர் கொன்றழித்த கதைக்குச் செல்கின்றது. 2018 ஒக்டோபரில் யாழ்ப்பாண விழாவில் அது காட்டப்பட இருந்தது. எதிர்ப்புக் கிளம்பவே, விழாக் குழுவினர் படத்தை விலக்கிக்கொண்டனர்.

எதிர்த்தோரின் வாதத்தைப் புறக்கணித்தல் நீதியன்று. காணாமற் போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் வீதியோரத்திற் குந்தியிருக்கும் ஊரிலே, பெரிய குற்றத்துக்குத் தீர்ப்பு வருமுன் தம்மவர் குற்றத்தைத் திரையிலிடுவது பகைவர் கையில் ஆயுதம் கொடுப்பதாகும் என்றனர். வரலாற்றைச் சமநிலை தவறிச் சொல்கின்றது என்றும் குறை கூறினர். இவை படத்தின்மேல் வைக்கத்தக்க நேரிய குற்றச்சாட்டுகள். ஆனால் அவற்றை வைக்கவேண்டிய இடம் விளக்கேற்றிய மண்டபம். படம் முடிந்த பின். கண்டபின் கண்டித்திருக்கலாம், பாதியில் எழுந்து சென்றிருக்கலாம், வாயிலில் நின்று எதிர்த்தாள் கொடுத்திருக்கலாம். காணுமுன் விலக்கியதால் இழந்தோர் விழாக் குழுவினர் அல்லர். அப்படம் தவறானது என நிறுவும் வாய்ப்பைப் பெற்றிருக்கவேண்டிய அவரே. அன்றியும், அவையில் அமர்ந்திருக்கக்கூடியோருள், இயக்கங்களின் உட்பகையிலே அண்ணனையோ தகப்பனையோ இழந்து, பல்லாண்டுகளாக வெளியே சொல்லாதோரும் இருந்திருப்பர் அல்லரோ? அவர்க்கும் அழுகைக்கு உரிமை உண்டு. இழவு என்று தொல்காப்பியர் கூறியதில் கொன்றவர் யார் என்னும் நிபந்தனை இல்லை.

விலக்கப்பட்ட செய்தி பரவவே, படத்தைப் பற்றிப் பத்திரிகைகளிலும் வெளிநாடுகளிலும் பேச்சு மிகுந்தது. பேசினோருட் பெரும்பாலார் அதனைக் கண்டிலர். 'பொன்மணி'யை இயக்கிய பத்திராஜா அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். றெனேயின் படத்திலே கூரை விட்டத்தால் மறைக்கப்பட்ட பொலிஸ்காரனின் தொப்பியோ, பல ஆண்டுகள் சென்றபின், செப்பனிட்ட படிகளில் மறைப்பு நீங்கி மீண்டும் தெரியலாயிற்று.